இல்லாத கதிரைக் கண்டவர்கள்: என்-கதிர் விவாதத்தில் கருத்தும் உண்மையும்

என்-கதிர்கள் என்பவை 1903ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, சில ஆண்டுகளுக்குள் கைவிடப்பட்ட கதிர்கள். அப்படி ஒன்று இயற்கையில் இல்லை. ஆகவே இயற்பியல் பாடநூல்களில் அவற்றுக்கு இடமும் இல்லை. ஆனாலும் 1903 முதல் 1906 வரை நூறு ஆய்வாளர்கள் வரை அவற்றைப் பற்றி ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகள் எழுதினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மோசடிக்காரர்கள் அல்லர். தாம் கண்டதாக நம்பியதையே எழுதினார்கள்.

‘இது என் கருத்து’, ‘இது உண்மை’ என்பவை எங்கே பிரிகின்றன என்று மாணவர் கேட்டால், அகவயம், புறவயம் என்று இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதி, ‘மாம்பழம் இனியது, நீர் 100 டிகிரியில் கொதிக்கும்’ என்று எடுத்துக்காட்டுச் சொல்லி முடிப்பது ஆசிரியர்களாகிய எங்கள் வழக்கம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். அந்த எடுத்துக்காட்டில் பிழை இல்லை. பயனும் அதிகம் இல்லை. மாம்பழத்தின் இனிப்பைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை. கருத்து ஒன்று அளவீடு, படம், கட்டுரை எல்லாம் பூண்டு உண்மையைப் போலவே வந்து நிற்கும்போதுதான் தொல்லை. சொல்பவர் நேர்மையானவராகவும் இருந்துவிட்டால் தொல்லை இரட்டிப்பு. என்-கதிர் விவகாரம் அப்படிப்பட்டது.

நான்சி நகரப் பேராசிரியர்

ரெனே புளோன்ட்லோ 1849இல் பிறந்தவர். பிரான்சின் வடகிழக்கே லொரேன் பகுதியில் உள்ள நான்சி நகரின் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மின்காந்த அலைகளின் வேகம் ஏறக்குறைய ஒளியின் வேகமே என்று 1891இல் அளந்து காட்டியவர். கைத்திறனும் பொறுமையும் உள்ள சோதனையாளர் என்று பெயர் பெற்றிருந்தார்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896இல் ஹென்றி பெக்கரல் யுரேனியத்திலிருந்து வரும் கதிரைக் கண்டார். 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தை அறிவித்தனர். எட்டே ஆண்டுகளில் இத்தனை புதுமைகளைப் பார்த்துவிட்ட உலகத்திடம் ‘இன்னொரு கதிர் உண்டு’ என்று யாராவது சொன்னால் சிரிக்கத் தோன்றாது. இன்று நாம் சிரிப்பது விடைத்தாள் கையில் இருப்பதால்.

எக்ஸ் கதிர் அலையா, துகளா என்பது அன்று தீராத வழக்கு. அலை என்றால் அதற்கு முனைவாக்கம் என்னும் பண்பு இருந்தாக வேண்டும். அதைச் சோதிக்க, கதிரின் பாதையில் ஒரு சிறு மின்பொறியை வைத்து, அதன் திசையை மாற்ற மாற்றப் பொறியின் ஒளி கூடுகிறதா என்று புளோன்ட்லோ கவனித்தார். கூடியது போல் தெரிந்தது. அடுத்து ஒரு குவார்ட்ஸ் முப்பட்டகத்தை வைத்தார். பொறியைப் பிரகாசமாக்கிய அந்த ஏதோ ஒன்று வளைந்து சென்றது. அன்று அறிந்த வரையில் எக்ஸ் கதிர் முப்பட்டகத்தில் வளையாது. ஆகவே இது எக்ஸ் கதிர் அல்ல, புதியதொரு கதிர் என்று முடிவு செய்து, தம் ஊரின் முதலெழுத்தால் அதற்கு ‘என்’ என்று பெயரிட்டார். இந்த வாதத்தில் தருக்கம் சரியாகவே இருக்கிறது. ‘பொறியின் ஒளி கூடியது’ என்ற முதற்படி மட்டும் ஒரு மனிதரின் கண்ணில் நிற்கிறது.

பிறகு கதிர் எங்கிருந்தெல்லாமோ வந்தது. முதலில் எரிவாயு விளக்கின் மேண்டிலிலிருந்து வந்தது (நம் ஊர்த் திருவிழாக்களில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுவோமே, அதே வலை). சூரியனிலிருந்து வந்தது. பதப்படுத்திய எஃகிலிருந்து, எந்தத் தூண்டுதலும் இன்றி வந்தது. அலுமினியம், மரம், கறுப்புத் தாள் ஆகியவற்றை ஊடுருவியது. நீர் அதைத் தடுத்தது; உப்பு நீர் தடுக்கவில்லை. நான்சியிலேயே மருத்துவப் புலத்தில் இருந்த ஓகுஸ்தேன் ஷார்ப்பாந்தியே, மனித உடலின் தசையும் நரம்பும் என்-கதிரை வெளியிடுகின்றன என்று அடுத்தடுத்துக் கட்டுரைகள் எழுதினார். ஹென்றி பெக்கரலின் மகன் ழான் பெக்கரல் ஒருபடி மேலே போய், உலோகத்துக்குக் குளோரோஃபார்ம் மயக்க மருந்து கொடுத்தால் அது கதிர் விடுவதை நிறுத்துகிறது என்றார். ‘நாங்கள் இதை முன்பே கண்டோம்’ என்று உரிமை கோரியும் சிலர் வந்தார்கள். இல்லாத சொத்துக்குப் பங்காளிச் சண்டை.

ஷார்ப்பாந்தியே பற்றி ஒரு செய்தி. ஒரே எடையுள்ள இரண்டு பொருள்களில் பெரியது இலேசாகவும் சிறியது கனமாகவும் கைக்குத் தோன்றும் மயக்கத்தை 1891இல் சோதனை செய்து எழுதியவர் அவர்தான். நம் புலன்கள் எப்படி ஏமாறும் என்பதை ஆராய்வது அவர் தொழிலாகவே இருந்தது. அதே நான்சியில்தான், சொல்லின் தூண்டுதலால் மனிதர் இல்லாததையும் உணர்வர் என்று காட்டிய பெர்னைமின் மனவசியப் பள்ளியும் இருந்தது. அதே ஊரில் இத்தனையும் தெரிந்திருந்தும் நடந்தது இது.

பார்க்கும் முறை

என்-கதிர் நேராகக் கண்ணுக்குத் தெரியாது. இருட்டறையில் மங்கலாக எரியும் ஒரு சிறு பொறியின் மீதோ, கால்சியம் சல்ஃபைடு பூசிய, மிக மங்கலாக ஒளிரும் அட்டையின் மீதோ அது விழுந்தால் அந்த ஒளி கொஞ்சம் கூடும். எவ்வளவு என்றால், தெரிந்தும் தெரியாததுமான அளவு. அதைக் காண்பதற்குப் புளோன்ட்லோ விதிகள் வகுத்தார். கண் இருளுக்குப் பழக வேண்டும். அறையில் அமைதி வேண்டும். அட்டையை உற்றுப் பார்க்கக் கூடாது; பார்வையைப் பக்கவாட்டில் விட்டு, பார்த்தும் பாராதது போல் இருக்க வேண்டும். எல்லோருக்கும் முதல் தடவையே தெரியாது, பயிற்சி வேண்டும்.

ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமானதுதான். மங்கலான விண்மீனைப் பார்க்கும்போது அதற்குச் சற்றுப் பக்கத்தில் நோக்க வேண்டும் என்பது இன்றும் வானம் பார்ப்பவர்கள் பின்பற்றும் முறை. ஆனால் எல்லாம் சேர்ந்தபோது என்ன ஆயிற்று? கண்டவர் சொன்னால் அது கதிருக்குச் சான்று. காணாதவர் சொன்னால் அது அவர் கண்ணின் குறை. இந்த ஏற்பாட்டில் கதிர் தோற்பதற்கு வழியே இல்லை. இங்கிலாந்தில் கெல்வின், குரூக்ஸ் ஆகியோருக்கும், ஜெர்மனியில் ரூபன்ஸ், லும்மர் ஆகியோருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் உலகின் தலைசிறந்த சோதனையாளர்கள். அதற்கு, ஆங்கிலேயர் கண் பனிமூட்டத்தாலும் ஜெர்மானியர் கண் பீராலும் மழுங்கியவை என்றுகூட ஒரு பதில் கிளம்பியது. வேடிக்கையாகச் சொன்னார்களோ, உண்மையாகவே சொன்னார்களோ! லும்மர் வேறொரு விளக்கம் தந்தார்: விழித்திரையின் நடுப்பகுதியில் கூம்பு செல்களும் சுற்றுப்புறத்தில் குச்சி செல்களும் இருக்கின்றன, மங்கலான வெளிச்சத்தில் பார்வை சிறிது நகர்ந்தாலே ஒளி கூடியது போலவும் குறைந்தது போலவும் தோன்றும், வெளியே எதுவும் மாற வேண்டியதில்லை.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லலாம். மேல்நிலை வகுப்புச் செய்முறையில் நிறமாலைமானி உண்டு. சோடியம் விளக்கின் மஞ்சள் கோட்டைத் தொலைநோக்கி வழியே பார்த்து, முப்பட்டகத்தைத் திருப்பி, சிறும விலகுகோணம் எடுக்க வேண்டும். ஒருநாள் மாணவர்கள் வரிசையாக வந்து கண்ணை வைத்தார்கள். “கோடு தெரியுதாப்பா?” என்று ஒவ்வொருவரையும் கேட்டேன். “தெரியுது சார்.” நான்காவது பையன் சொல்லி முடித்த பிறகுதான் விளக்குப் பெட்டியைத் தற்செயலாகப் பார்த்தேன். மின்னழுத்தம் குறைந்து விளக்கு அணைந்து கிடந்தது. எப்போது அணைந்தது என்று எனக்கே தெரியாது. அந்தப் பையன் பொய் சொல்லும் பிள்ளை அல்ல. முன்னால் மூன்று பேர் தெரிகிறது என்றார்கள், வாத்தியார் தெரியும் என்ற குரலில் கேட்டார், கருவிக்குள் ஏதோ ஒரு மங்கல் இருந்தது. அன்றைக்கு அவனைக் கடிந்துகொண்டேன். கேள்வியை அப்படிக் கேட்டது என் தவறு என்பது பிறகுதான் உறைத்தது.

வுட்டின் வருகை

ராபர்ட் வில்லியம்ஸ் வுட் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் பேராசிரியர். குறும்புக்காரர். ஆவி அழைப்போரின் தந்திரங்களை வெளிப்படுத்துவதில் ஆர்வம் உடையவர். என்-கதிரைக் காண அவரும் முயன்று தோற்றிருந்தார். 1904 கோடையில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நடந்த அறிவியலாளர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. யாராவது நேரே போய்ப் பார்த்தால் நல்லது என்று ஆயிற்று. செப்டம்பரில் வுட் நான்சி சென்றார். புளோன்ட்லோ அவரை மறுக்காமல் வரவேற்று, மூன்று மணி நேரத்துக்கு மேல் சோதனைகளைச் செய்து காட்டினார். இது அவருக்குப் பெருமை. மறைக்க எதுவும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை.

வுட் புதிய கருவி எதையும் கொண்டு போகவில்லை. முதலில், அட்டைக்கும் கதிர் வரும் இடத்துக்கும் நடுவே தம் கையை நீட்டுவதாகவும், கை எப்போது குறுக்கே வருகிறது என்று அட்டையைப் பார்த்தே சொல்லும்படியும் கேட்டார். கை கதிரை மறைக்கும் என்பது நான்சியின் கொள்கை. சொன்ன விடைகள் ஒன்றும் பொருந்தவில்லை. கை அசையாமல் நடுவிலேயே இருந்தபோதும் அட்டை ஒளிர்கிறது, மங்குகிறது என்று மாறி மாறிச் சொன்னார்கள்.

அடுத்தது புகைப்படம். கதிர் விழுந்த பொறியையும் விழாத பொறியையும் ஒரே தட்டில் படம் எடுத்து, முன்னது பிரகாசமாக இருப்பதைப் புளோன்ட்லோ வெளியிட்டிருந்தார். கண்ணை நம்பாதவர்களுக்குக் கருவியே சாட்சி என்று பலரும் நினைத்தது இதை. ஆனால் சில விநாடிகளுக்கு ஒருமுறை தட்டைக் கையால் இங்கும் அங்கும் நகர்த்திப் பலமுறை ஒளி காட்டி எடுத்த படம் அது. நகர்த்துபவருக்கு எந்தப் பக்கம் கதிர் என்று தெரியும். ஒரு பக்கத்தில் ஒவ்வொரு தடவையும் சற்றே அதிக நேரம் நின்றாலும், அவர் அறியாமலேயே, படம் அவர் நம்பிக்கையைத்தான் பதிவு செய்யும். வுட் இதைச் சுட்டினார்.

மூன்றாவதுதான் பெயர்பெற்ற சோதனை. அலுமினிய முப்பட்டகத்தால் கதிரைப் பிரித்து, ஒளிரும் மெல்லிய கோடு ஒன்றை நகர்த்தி, எந்தெந்த இடத்தில் அது பிரகாசமாகிறது என்று அளந்து, அலைநீளங்களைக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். கதிர் வரும் பிளவின் அகலமே சில மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் எப்படி வரும் என்று வுட் வியந்தார். அதுவும் இந்தக் கதிரின் விந்தைகளில் ஒன்று என்று பதில் வந்தது. அறை இருட்டில், வுட் முப்பட்டகத்தை அதன் இடத்திலிருந்து எடுத்துவிட்டார். அளவீடுகள் முன்போலவே வந்துகொண்டிருந்தன.

கடைசியாக ஓர் எஃகு அரம். அதைக் கண்ணருகே பிடித்தால் மங்கலான அறையில் கடிகார முள் தெளிவாகத் தெரியும் என்றார்கள். அதே அளவும் வடிவும் உள்ள ஒரு மரத்துண்டை மாற்றி வைத்தார். முள் அப்போதும் தெளிவாகத் தெரிந்தது. மரம் என்-கதிரை வெளியிடாது என்பது நான்சிக்காரர்களே சொன்னது.

வுட்டின் கடிதம் 1904 செப்டம்பர் 29ஆம் தேதி ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஊர் பெயரோ, ஆய்வாளர் பெயரோ அதில் இல்லை. ‘என்-கதிர் இல்லை’ என்று அவர் தீர்ப்பு எழுதவும் இல்லை. தாம் கண்டவற்றில் கதிருக்குச் சான்றாக ஒன்றையும் காண முடியவில்லை, கண்டதாகச் சொல்பவர்கள் ஏதோ வகையில் ஏமாந்திருக்கிறார்கள் என்றே தமக்குத் தோன்றுகிறது என்று எழுதினார். இரண்டாவது பாதி அவருடைய கருத்து. அதை ஏற்காதவருக்கும் முதற்பாதியிலுள்ள முப்பட்டகத்துக்குப் பதில் சொல்லும் கடமை இருந்தது.

கருத்துக் கணிப்பும் இரண்டு பெட்டிகளும்

பாரிசில் வெளிவந்த ‘ரெவ்யூ சியாந்திஃபிக்’ இதழ் இதன்பின் ஒரு வேலை செய்தது. பிரெஞ்சு அறிவியலாளர் பலருக்கும் எழுதி, ‘என்-கதிர் உண்டா?’ என்று கேட்டு, வந்த பதில்களை வாரந்தோறும் அச்சிட்டது. உண்டு என்றவர் உண்டு, இல்லை என்றவர் உண்டு, நேரில் பார்த்தேன் ஒன்றும் தெரியவில்லை என்றவர் உண்டு. படிக்கச் சுவையாக இருந்திருக்கும். ஆனால் எத்தனை கடிதம் எந்தப் பக்கம் என்று எண்ணிப் பார்த்து ஒரு கதிரை இருக்க வைக்கவோ இல்லாமல் ஆக்கவோ முடியாது. இதற்கிடையில், 1904 முடிவில், பிரெஞ்சு அறிவியல் கழகம் புளோன்ட்லோவுக்கு 50,000 பிராங்கு மதிப்புள்ள லெகோந்த் பரிசை வழங்கியது. பியரி கியூரியின் பெயரும் பரிசீலனையில் இருந்த பரிசு அது. பாராட்டுரையில் ‘அவருடைய பணிகள் அனைத்துக்கும்’ என்று எழுதிக்கொண்டார்கள். கதிரை நம்பினால் கதிருக்கும் சேர்த்து, நம்பாவிட்டால் மற்றவற்றுக்கு. நிறுவனங்களுக்கு இந்த நடை கைவந்தது.

கடைசியில் அந்த இதழே எளிய சோதனை ஒன்றை முன்வைத்தது. ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள். ஒன்றில் கதிர் விடும் எஃகு. மற்றதில் அதே எடைக்கு ஈயம். இரண்டும் முத்திரையிடப்பட்டிருக்கும். எதில் எஃகு என்று புளோன்ட்லோ சொல்ல வேண்டும், அவ்வளவே. 1906இல் அவர் மறுத்துவிட்டார். இந்தக் கதிர் அத்தகைய எளிய சோதனைக்கு உட்படாத அளவு நுண்மையானது என்றும், ஒவ்வொருவரும் தாமே செய்த சோதனைகளையோ தாம் நம்புகிறவர்களின் சோதனைகளையோ கொண்டு தத்தம் கருத்தை அமைத்துக்கொள்ளட்டும் என்றும் பதில் எழுதினார்.

இந்த விவகாரத்தில் எனக்கு முப்பட்டகத்தைவிடப் பெரிதாகத் தோன்றுவது இந்தப் பதில்தான். 1903இல் அவர் அறிவித்தது ஒரு கருத்து அல்ல. இன்ன அலைநீளத்தில், இன்ன பொருளை ஊடுருவும் ஒன்று எல்லோருக்கும் பொதுவான உலகில் இருக்கிறது என்றார். மூன்றாண்டு கழித்து, விடை தவறாகிப் போகக்கூடிய ஒரு கேள்வியை முன்னால் வைத்தபோது, அது அவரவர் கருத்தாகச் சுருங்கிவிட்டது. வாதத்தில் உண்மை என்று ஒன்றைச் சொல்பவர், எது நடந்தால் தாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வார் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்சியில் அது கடைசி வரை சொல்லப்படவில்லை.

இதிலிருந்து, கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்று எடுத்துக்கொள்வது பிழை. நான்சியின் புகைப்படத் தட்டும் கருவிதான், அது ஏமாற்றியது. மறுபக்கம், 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் இருட்டறையில் அமர்ந்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் தோன்றும் மங்கலான மின்னல் புள்ளிகளைக் கண்ணால்தான் எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையிலிருந்துதான் அணுக்கரு தெரியவந்தது. அவர்கள் எண்ணியது வேறு கோணத்தில், வேறு தகட்டில், வேறு ஆளால் மீண்டும் எண்ணப்படக்கூடியதாக இருந்தது. எதிர்பார்த்ததற்கு மாறாகவும் வந்தது.

அந்த எண்ணும் முறையிலும் பிறகு சிக்கல் வந்ததுண்டு. 1920களில் அணுச்சிதைவு பற்றி வியன்னா ஆய்வகமும் கேம்பிரிட்ஜ் ஆய்வகமும் வெவ்வேறு எண்ணிக்கைகளைச் சொல்லி ஆண்டுக்கணக்கில் மோதின. 1927 டிசம்பரில் சாட்விக் வியன்னாவுக்கே சென்று, அங்கு வழக்கமாக எண்ணும் பெண்களையே எண்ண வைத்தார். எந்தச் சோதனை நடக்கிறது, எத்தனை புள்ளி எதிர்பார்க்கலாம் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்லவில்லை. வந்த எண்ணிக்கை கேம்பிரிட்ஜோடு பொருந்தியது. இதை அவர் இதழில் எழுதி யாரையும் நாணச் செய்யவில்லை. வுட்டின் வழியைவிட இந்த வழி எனக்குப் பிடிக்கும். இது என் கருத்து.

புளோன்ட்லோவின் பிற்காலம் பற்றி ஒரு திருத்தம் தேவை. 1941இல் வெளிவந்த வுட்டின் வாழ்க்கை வரலாற்றில், இந்த வெளிப்பாட்டினால் புளோன்ட்லோ மனநிலை குலைந்து இறந்தார் என்று எழுதப்பட்டது. அதையே பின்வந்த பலர் திரும்பத் திரும்ப எழுதினார்கள். பொய்க்கு உரிய தண்டனை என்ற வடிவில் கதை நன்றாக அமைந்துவிட்டதால் யாரும் ஆண்டுகளைச் சரிபார்க்கவில்லை. புளோன்ட்லோ 1909 வரை பல்கலைக்கழகப் பதவியில் இருந்து ஓய்வுபெற்றார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேல் நான்சியிலேயே வாழ்ந்து, 1930 நவம்பரில், தம் 81ஆம் வயதில் காலமானார். தம் வீட்டையும் தோட்டத்தையும் ஊருக்கு எழுதி வைத்திருந்தார். அது இன்றும் புளோன்ட்லோ பூங்கா என்ற பெயரில் நகரின் நடுவே இருக்கிறது.